மரியாதைக்கு ஒரு எலுமிச்சம்பழம்

அந்த எண்ணம் எனக்கு வந்தது குன்றத்தூர் ரோட்டில், அனகாபுத்தூர் தாண்டி, பஸ் நகராமல் நின்ற ஒரு மதியத்தில். ஜன்னலுக்கு வெளியே ஒரு நர்சரி. காம்பவுண்டுச் சுவரில் பச்சை பெயிண்டில் எழுதியிருந்தது: "நோயற்ற ஒட்டு எலுமிச்சை கிடைக்கும்." அந்த எழுத்துக்கு நேர் கீழே வரிசையாக அடுக்கியிருந்த கன்றுகளில் இலைக்கு இலை பழுப்புச் சொறி. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தெரிகிற சொறி. இரண்டு பேர் அதைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டும் இருந்தார்கள். எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த ஊர் இது. சுவரைப் படிப்பார்கள், இலையைப் பார்க்க மாட்டார்கள்.

இறங்கிவிட்டேன். சென்னைக்குத் தெற்கே ஒரே ஒரு இடத்திலாவது நிஜமாகவே நோயில்லாத எலுமிச்சைக் கன்று இருக்க வேண்டும், அதற்கு அரசாங்கமே சான்று தர வேண்டும், அதை நான் செய்து காட்ட வேண்டும். படிக்கட்டிலிருந்து தரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. அரசாங்கச் சான்று என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் காட்டாங்குளத்தூரில் பயோடெக் படித்தவள். படித்து முடித்ததும் பயோடெக் படித்தவர்கள் எல்லோரும் செய்வதையே செய்துகொண்டிருந்தேன்: சேலையூர் வீட்டில் உட்கார்ந்து ஐடி கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுவது. ஆனால் எலுமிச்சை மேல் எனக்கு வந்த வேகத்துக்குக் காரணம் படிப்பு அல்ல, அத்தை.

அப்பாவின் அக்கா. மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு எலுமிச்சைத் தோப்பு. மாமா போன பிறகு தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். வேனில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வந்தவனிடம் வாங்கி நட்ட ஒட்டுக் கன்றுகள். மூன்றாம் வருடம் இலை திட்டுத் திட்டாக வெளுத்தது, நுனிக் கிளை காய்ந்தது, பழம் கோணலாகப் போனது. போய்ப் பார்த்துவிட்டு, இது மருந்தில் தீராத நோய், மரத்தைப் பிடுங்கி எரித்தால்தான் உண்டு என்று சொன்னவள் நான். அத்தை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆள் வைத்துப் பிடுங்கினாள், எரித்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"பக்கத்து நிலத்துல மஞ்சக் கல்லு நட்டுட்டான் பாத்தியா? பிளாட்டு போடறவன் தினம் வரான், 'எப்பம்மா தரீங்க'ன்னு. ரெண்டு ஐப்பசி பாப்பேன். அதுக்குள்ள நீ நல்ல கன்னு கொண்டாந்து குடுத்தா நடறேன். இல்லன்னா அவனுக்குக் குடுத்துட்டு உங்க அப்பன் வூட்ல வந்து டிவி பாத்துகினு உக்காந்துக்கறேன்."

அத்தையை டிவி முன்னால் உட்காரவைப்பது அவளை உயிரோடு மூடிவைப்பது மாதிரி. எனக்கு இருந்த கெடு இரண்டு ஐப்பசி.

நர்சரிக்காரரை முதல் நாள் கேட்டது இதுதான்:

"அண்ணா, நோயற்றதுன்னு எழுதியிருக்கீங்களே, யார் டெஸ்ட் பண்ணாங்க?"

"இன்னா மேடம், செடிக்குப் போயி டெஸ்டு கிஸ்டுன்றே? பச்சையா கீதுல்ல?"

"இலையெல்லாம் சொறி இருக்கே."

"அது டிசைனு மேடம்."

பொழிச்சலூரில் இவருடைய அப்பா காலம்வரை நெல் போட்ட குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது ஃபிளாட். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடுகிறது. நர்சரி எதற்கு என்றால், வீட்டில் சும்மா இருந்தால் அண்ணி திட்டுவார்களாம். இப்படி ஒரு ஆளிடம் செடியின் நோயைப் பற்றிப் பேசுவது பயனில்லை என்று சீக்கிரமே புரிந்தது. "கவர்மென்ட் சர்டிஃபிகேட் வாங்கலாம்ணா" என்றேன். அன்றைக்கு முதல் முறையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பிரேம் போட்டு மாட்டற மாதிரியா?"

"பிரேம் போட்டு மாட்டற மாதிரிதான்."

"அப்ப செய்யலாம் தங்கச்சி."

காரியம் ஆக வேண்டும் என்றால் நான் தங்கச்சி. மற்ற நேரத்தில் மேடம்.

ஒட்டுச்செடி என்பது ஒரு மரத்தின் மொட்டைச் சீவி எடுத்து, இன்னொரு நாற்றின் தண்டைக் கீறி உள்ளே செருகிக் கட்டுவது. நோய் அந்த மொட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வரும். தாய்மரம் சீக்கு என்றால் அதிலிருந்து கட்டிய அத்தனை கன்றும் சீக்கு. ஆனால் விற்கும் வயதில் கன்று ஜம்மென்று இருக்கும். வாங்கியவன் நட்டு, தண்ணீர் விட்டு, வருடக்கணக்கில் வளர்த்த பிறகுதான் தெரியும். அதற்குள் வேன் வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும். அதனால் தாய்ச்செடியை லேபில் சோதித்துத்தான் வாங்க வேண்டும். வாங்கியதைப் பூச்சி நுழையாத வலைக்கூண்டுக்குள் வைக்க வேண்டும். கூண்டுக்கு இரட்டைக் கதவு, ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்கலாம். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி, அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

எல்லாம் செய்தோம். ஊர் ஊராக அலைந்து ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சோதித்த தாய்ச்செடிகள் கொண்டுவந்தேன். நாற்று விட்டு, மொட்டுக் கட்டி, ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கூண்டே கதி என்று கிடந்தேன். ஏர்போர்ட் பக்கத்தில் என்பதால் மேலே நிமிடத்துக்கொரு விமானம். கீழே வாடிக்கையாளர்கள்.

இந்த வாடிக்கையாளர்களை என்ன சொல்ல? காரை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு இறங்குவார்கள். மாடித்தோட்டம் பற்றி வாட்ஸாப்பில் வந்ததை எல்லாம் ஒப்பிப்பார்கள். கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "காய் வெச்சிருக்கிற செடியா குடுங்க." ஒரு சாண் கன்றில் காய் கேட்கிறார்கள். நர்சரி அண்ணன் சலிக்காமல் பின்பக்கம் போய், மார்க்கெட் எலுமிச்சையைப் பச்சை நூலில் செடியோடு கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர் என் கண் முன்னால் அப்படி ஒன்றை வாங்கி, நூலுக்குப் பக்கத்திலேயே கையை வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

"ஏன்ணா இப்படி ஏமாத்தறீங்க?"

"ஏமாத்தறதா? அவங்களுக்கு சந்தோசம் மேடம். உங்க சயின்ஸ்ல சந்தோசத்துக்கு எதுனா மருந்து கீதா?"

சான்றுக்கு விண்ணப்பித்தால், நோய் இல்லை என்பதற்கு ஆதாரம் இணைக்கச் சொன்னார்கள். நோய் இல்லை என்று நீங்கள் சொல்லத்தானே விண்ணப்பிக்கிறேன் என்றேன். அதற்கு அந்த அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. எப்படியோ புரட்டாசி பிறந்ததும் ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். அத்தைக்கு போன் செய்தேன். குழி வெட்டச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வெட்டச் சொல்லிவிட்டேன்.

ஆய்வு நாள் காலையில் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். கையில் ஒரு பை. பைக்குள் எலுமிச்சம்பழம். தாம்பரம் மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்தாராம், ஒவ்வொன்றும் பெரிய சைஸ்.

"எதுக்குண்ணா இது?"

"ஆபீசரை வெறுங்கையோட பாக்கறதா? நல்லா கீதே கதை."

நம் ஆட்களின் இந்தப் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். புது வருடத்தன்று எந்த அதிகாரியின் மேஜையைப் பார்த்தாலும் எலுமிச்சம்பழம் குவிந்து கிடக்கும். கும்பிட்டால் மட்டும் போதாது, கையில் ஒரு பழத்தையும் வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். அதிகாரிக்கும் அந்தப் பழத்தை என்ன செய்வதென்று தெரியாது. ஜூஸும் போட மாட்டார், கொடுத்தவன் முன்னால் கீழேயும் போட மாட்டார். உருட்டிக்கொண்டே இருப்பார்.

ஒரு பழத்தை எடுத்துப் பார்த்தேன். தோலில் சொரசொரவென்று பழுப்புத் தழும்பு. அடுத்ததிலும் அதுவே.

"அண்ணா, இது சொறி நோய்! இதை எடுத்துட்டுக் கூண்டு பக்கம் வராதீங்க. எலுமிச்சையில நோய் இருக்கான்னு பாக்க வரவருக்கு எலுமிச்சையே குடுப்பாங்களா? ஆப்பிள் குடுங்க."

"ஆப்பிள் குடுக்க அவரு இன்னா ஜொரத்துலயா கீறாரு?"

பையைப் பிடுங்கப் போனேன். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அண்ணன் ஓடிப்போய் அதிகாரி கையில் ஒன்று, கூட வந்த உதவியாளர் கையில் ஒன்று, டிரைவர் கையில் ஒன்று என்று வைத்துவிட்டார்.

அதிகாரி கூண்டு வாசலுக்கு வந்தார். மருந்துத் தொட்டியைப் பார்த்து முகம் மலர்ந்தது. ஒரு ஷூவை நனைத்தார், இன்னொன்றையும் நனைத்தார், எங்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று இரண்டாம் தடவையும் நனைத்தார். "கால் நனைக்க ஃபுட் பாத் இருக்கு, நோட் பண்ணிக்கோப்பா" என்றார். வலது கையில் பழம் உருண்டுகொண்டே இருந்தது. நடுநடுவே மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"சார், அந்தப் பழத்தை வெளியிலயே வெச்சுட்டு வந்துடலாமா? அதுல கேங்கர், சொறி நோய் இருக்கு."

"ஏம்மா, மரியாதைக்குக் குடுத்ததைக் கீழ வைக்கச் சொல்றியே. அவர் மனசு கஷ்டப்படாது?"

"எனக்கு இன்னா சார் கஷ்டம், நீங்க வெச்சுக்கோங்க" என்று அண்ணன் கூண்டுக்கு வெளியிலிருந்து கத்தினார்.

"கையையாவது கழுவிட்டு உள்ள வாங்க சார். சோப்பு இருக்கு."

"விதிமுறையில காலுக்குத்தாம்மா சொல்லியிருக்கு. கைக்கு ஒண்ணும் சொல்லல." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற பொறுமைதான் இருந்தது. "படிச்சிட்டு வரப்போ எல்லாரும் இப்படித்தான் இருப்பீங்க. நாங்க பாக்காத கேங்கரா?"

பார்த்தவர்தான். கையிலேயே வைத்திருந்தார்.

உள்ளே வந்தவர் ஒரு செடியை விடவில்லை. பழம் உருட்டிய விரல்களால் இலையைத் திருப்பினார், தளிரை நீவினார், தண்டைத் தடவினார். "நல்ல மெயின்டெனன்ஸ்" என்று பாராட்டினார். நான் பின்னாலேயே போய் அவர் தொட்ட செடிகளை மனதுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டேன், எல்லாச் செடியையும் தொட்டுவிட்டார். கடைசியில் உதவியாளர் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். தாய்ச்செடி பக்கத்தில் அதிகாரி நின்றார். உதவியாளர் போனில் பார்த்துவிட்டு, "சார், வெறும் இலையா இருக்கு. காய் தெரிஞ்சா ரிப்போர்ட்ல நல்லா இருக்கும்" என்றார். அண்ணன் பச்சை நூலோடு கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். இரண்டு கதவையும் சேர்த்துத் திறந்துகொண்டு.

சோதித்துக் கொண்டுவந்த என் தாய்ச்செடியில், அதிகாரி கையிலிருந்த அந்தச் சொறிப் பழத்தைக் கட்டி, அரசாங்கம் போட்டோ எடுத்துக்கொண்டது.

ஜீப் போனதும் பழத்தை அறுத்துத் தூர எறிந்தேன். "ஆபீசர் கைபட்டது, ராசி" என்று அண்ணன் பொறுக்கப் போனார். கன்றுகளுக்கெல்லாம் தாமிர மருந்து அடித்தேன். சொறி நோய் தண்ணீர் தெறித்தால் பரவும், அதனால் மேலிருந்து தண்ணீர் அடிக்கவே கூடாது, வேரில் மட்டும் ஊற்றுங்கள் என்று கெஞ்சினேன். சரி தங்கச்சி என்றார். மறுநாள் நான் போனபோது ஹோஸை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபீசர் பாராட்டிய செடி தூசியில்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

சான்றிதழ் வந்தது. பிரேம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கல்லாவுக்கு மேல் மாட்டினார். அந்த வாரமே தாய்ச்செடியின் இலையில், நூல் கட்டிய கிளைக்குப் பக்கத்தில், மஞ்சள் வளையத்தோடு முதல் புள்ளிகள். நகத்தால் தடவினால் சொரசொரவென்றது. அடுத்தடுத்த நாட்களில் கன்றுகளில். ஐப்பசி நெருங்கிவிட்டது.

அதிகாரிக்கு போன் செய்தேன்.

"சார், நீங்க சான்று குடுத்த செடிக்கு நோய் வந்திருக்கு. சான்றை நிறுத்தி வைங்க."

"நிறுத்தி வைக்கணும்னு யார் கேக்கறது? நர்சரி ஓனரா?"

"இல்ல சார், நான்."

"நீங்க யாரும்மா இதுல?"

அந்த நர்சரியின் எந்தத் தாளிலும் என் பெயர் இல்லை. "நோயற்றதுன்னு போட்டிருக்கீங்களே சார்" என்றேன்.

"சரியா படிங்கம்மா. 'ஆய்வு நாளன்று நோயின்றிக் காணப்பட்டது'ன்னுதான் போட்டிருக்கு. அன்னிக்கு இருந்துச்சா?"

"அன்னிக்கு உங்க கையில இருந்துச்சு சார்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை. அண்ணன் பக்கம் திரும்பினால் அவருக்குக் கவலையே கிடையாது. சான்றிதழ் இருப்பதால் வேலூர் பக்கத்திலிருந்தெல்லாம் கேட்கிறார்களாம். "சொறி கீறின்னு பேஜார் பண்ணாத மேடம். கவர்மென்டே இல்லன்னு எழுதிக் குடுத்துட்ச்சு. நீ கவர்மென்டை விட பெரிய ஆளா?" பழைய பெயிண்ட் பொய் என்று சொல்லவாவது முடிந்தது. இந்தப் புதுப் பொய்க்கு முத்திரை இருக்கிறது. வாங்கித் தந்தவள் நான்.

அத்தையிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவளே கிளம்பிவிட்டாள். செங்கல்பட்டுக்கு வந்து, எலெக்ட்ரிக் டிரெயினில் தாம்பரம் இறங்கி, பஸ் பிடித்து நேராக நர்சரிக்கே வந்து நின்றாள். கன்று ஏற்ற மினி லாரிக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அண்ணன் பிரேமைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். அந்த மரியாதையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"அத்தை, இந்தக் கன்னு வேணாம். சொறி வந்திருச்சு."

"இன்னாடி சொல்றே? இதோ சர்டிபிகேட்டு கீதே."

இலையை ஒடித்துக் காட்டினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். மார்க்கெட் பழம், உருட்டிய கை, பச்சை நூல். அண்ணன் நடுவில் புகுந்தார்:

"இதுக்கெல்லாம் மருந்து கீதும்மா. அடிச்சா போயிடும். தங்கச்சி சின்னப் பொண்ணு, பயப்படுது."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்பா, சீக்கு பாக்க வந்தவன் கையில சீக்குப் பழத்தைக் குடுத்து உள்ள அனுப்பிட்டு, அதை போட்டோ வேற புடிச்சீங்களா?"

"மரியாதைக்கும்மா."

"அவன் கைய கழுவலியா?"

"காலு கழுவுனாரும்மா. ரெண்டு தபா."

அத்தை பிரேமை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னாடி படிச்சே அங்க? ஒரு ஆளு கையில இருக்கற பழத்தைப் புடுங்கத் தெரியல."

"கேட்டேன் அத்தை. ரெண்டு தடவை சொன்னேன்."

"சொல்லிகினு நின்னியா?" என்றாள். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. லாரிக்காரனுக்கு போன் போட்டு வர வேண்டாம் என்றாள். அண்ணன் விடவில்லை, பாதி கன்றாவது எடுத்துப் போங்கள், நிலம் சும்மா கிடக்கிறதே என்றார்.

"நட்டு, வளத்து, மறுபடி புடுங்கி எரிக்கறதுக்கு சும்மாவே கெடக்கட்டும்" என்றாள் அத்தை.

தாம்பரம் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டிக்காக இருவரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது ஐப்பசியும் கையை விட்டுப் போனது. பிளாட்டுக்காரன் நாளை வருவான் என்று அத்தை சொன்னாள். கோபமாகக் கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்போதுதான் ஒட்டு இல்லாத வழியைச் சொன்னேன். எலுமிச்சை விதையில் ஒரு வசதி உண்டு. ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று முளை வரும், அவற்றில் பெரும்பாலானவை தாயின் அசல் நகல். தோப்பை அழித்த அந்த நோய் மொட்டோடு வருவது போல விதையோடு வருவதில்லை. விதையைக் கழுவி, அவள் நிலத்திலேயே, நம் வலைக்குள்ளேயே நாற்று விடலாம். வேன்காரனும் வேண்டாம், நர்சரிக்காரரும் வேண்டாம்.

"இதை ஏண்டி மொதல்லயே சொல்லல?"

"ஒட்டுன்னா சீக்கிரம் காய்க்கும். விதைக் கன்னு காய்க்க நாலஞ்சு வருஷம் ஆகும் அத்தை."

வண்டி வருகிற அறிவிப்பு மூன்று மொழியிலும் ஒலித்து முடிந்தது. அத்தை எழுந்து பையை எடுத்தாள். "குழி வெட்டுனது வெட்டுனதாவே இருக்கட்டும். நடுவுல உளுந்து வெதைச்சுக்கறேன். அவன் வந்தா அடுத்த ஐப்பசின்னு சொல்லிக்கறேன். நீ வந்து விதை போடு. போட்டோக்காரனுங்க எவனையும் கூட்டிகினு வராத."

ஐடி கம்பெனி ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. போகப் போவதில்லை. வருகிற வாரம் மதுராந்தகம் போகிறேன். கிழக்கு மூலையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் வலைக்கூண்டு நிற்கப் போகிறது. வெளிக்கதவுக்கு முன்னால் குழாயும் சோப்பும் முதலில் வரும், வலை அப்புறம். அத்தையின் பக்கத்து ஊர்க்காரர்கள் முத்திரை இல்லாத கன்றைத் தொட மாட்டார்கள் என்பதால் சான்றுக்கும் மறுபடி விண்ணப்பிப்பேன், அதே அலுவலகத்தில்தான். கையைக் கழுவாமல் எவர் வந்தாலும் உள்கதவைத் திறக்காமல் இருந்து பார்க்கப் போகிறேன், சான்று போனாலும் சரி. அதற்கெல்லாம் முன்னால் விதை முளைக்க வேண்டும். நல்ல மரத்துப் பழமாகத் தேடிப் பிடித்து, பிழிந்து விதையை எடுத்து, வழவழப்புப் போகிற வரை சாம்பலில் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும்.